வெயில் இருக்கு, கரண்ட் இல்லை

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபி லைனை நிறுத்தும் நாள் கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்துக்குப் புதிதல்ல. காலை 9 மணி முதல் மின்தடை என்று ஊர்ப் பெயர்களோடு முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், வாட்ஸ்அப்பிலும் சுற்றும். மாவு அரைக்க வேண்டியவர்கள் முந்தின நாளே மில்லுக்குப் போய் வந்துவிடுவார்கள். மேல்தொட்டியை விடியற்காலையிலேயே நிரப்பி வைப்பார்கள். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் மாட்டியவருக்கு என்ன கவலை என்று பக்கத்து வீட்டார் பேசிக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு லைன் போகும். அதே நொடியில் சோலார் வீட்டு ஃபேனும் நிற்கும்.

மாடியில் ஆறு பேனல் தகதகவென்று காய்கிறது. கீழே வியர்வை.

சோலார் மாட்டிப் புழங்கிய வீடுகளில் முதலில் எழும் குறை இதுதான். பேனல் எத்தனை வாட், எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ வாரன்ட்டி என்பதெல்லாம் விற்க வருபவரே வாய் வலிக்கச் சொல்லிவிடுகிறார். அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மானியத்தோடு வீடுகளில் மாட்டப்படுவது பெரும்பாலும் ஆன்-கிரிட் அமைப்பு. அந்த இன்வெர்ட்டர் தன் காலில் நிற்காது. ஈபி லைனில் வரும் 230 வோல்ட்டையும் 50 ஹெர்ட்ஸையும் பார்த்து, அதோடு தாளம் சேர்த்துத்தான் அது வேலை செய்யும். லைன் இல்லையென்றால் அதற்குத் தாளமும் இல்லை.

கோளாறு என்று இதைச் சொல்லிவிட முடியாது, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறார் ஒரு லைன்மேன். அந்த நேரத்தில் ஏதோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்தால், டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி அவர் கை வைத்திருக்கும் கம்பிக்கே அனுப்பிவிடும். அதனால்தான் மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிகள், லைன் போன இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ள வேண்டும் என்கின்றன. ஓர் உயிரைக் காக்கும் விதி அது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் லைனிலிருந்து கழன்றுகொண்டு வீட்டுக்கு மட்டும் கரண்ட் தரும் இன்வெர்ட்டர்கள் சந்தையில் இருக்கும்போது, அப்படி ஒன்று இருப்பதையே சொல்லாமல் விற்பதை ஏற்க முடியாது.

பில் விஷயத்தில் சோலார் சொன்ன சொல் தவறுவதில்லை. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் அளவுக்கு வரும். ஏசி ஒன்று, கிரைண்டர், மோட்டார், ஃபிரிட்ஜ் என்று ஓடும் வீடு 500 யூனிட்டைத் தாண்டியதும் சலுகைக் கட்டணம் கைவிட்டுப்போய் பில் துள்ளிக் குதிக்குமே, அந்த வீட்டுக்கு நெட் மீட்டர் வந்த பிறகு வரும் முதல் ரீடிங் ஒரு திருவிழாதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. சுமார் இரண்டு லட்ச ரூபாய்ச் செலவில் இது நன்றாகவே கைகொடுக்கிறது. பணக் கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் நம் ஊர்க்காரர் சோலாரை முதலில் பணக் கணக்காகப் பார்க்கவில்லை. 2012-ஐ மறந்தவர் உண்டா? சென்னைக்கு வெளியே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம் அது. வீட்டுக்கு வீடு யூபிஎஸ்ஸும் பெரிய பேட்டரியும் வந்தது அந்தக் காலத்தில்தான். பின்னால் 'சோலார் சுரேஷ்' என்றே பெயர் பெற்ற டி. சுரேஷ், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பேட்டரியோடு 1 கிலோவாட் சோலார் அமைத்துக்கொண்டதும் அதே வருஷம்தான். 2011-12-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்திலும் வீட்டோடு சூரிய விளக்குகள் சேர்ந்து வந்தன. ஊர் இருண்டாலும் அந்தச் சின்ன வீட்டில் வெளிச்சம் இருக்கும். சோலார் என்றால் கரண்ட் போனாலும் எரியும் என்ற நம்பிக்கை அப்படி வேரூன்றியது. இன்றைய மாடி சோலார் அந்த நம்பிக்கையின் மேல்தான் விற்கப்படுகிறது, ஆனால் அந்த வேலையைச் செய்வதில்லை.

இன்னொரு எரிச்சல், லோ வோல்டேஜ். லைனின் கடைசிக் கோடியில் இருக்கும் கிராமத்து வீட்டுக்கு இது நன்றாகத் தெரியும். வோல்டேஜ் 80 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 110 சதவீதத்துக்கு மேலே போனாலும் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ள வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆக, லைன் இருந்தும் உற்பத்தி நிற்கும் நேரங்கள் உண்டு. கரண்டே போன நேரத்திலோ, என்ன ஆயிற்று என்று இன்வெர்ட்டரின் ஆப்பைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்கிறது. கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் போகும், ரவுட்டர் போனால் ஆப்புக்குச் செய்தி போகாது. எந்த நேரத்தில் வீட்டுக்காரருக்குத் தகவல் தேவையோ அந்த நேரத்தில் அது ஊமையாகிவிடுகிறது. இன்வெர்ட்டரின் முகப்பில் 'நோ கிரிட்' என்று இரண்டு ஆங்கிலச் சொல் மின்னும். தமிழ்நாட்டில் இத்தனை விற்கும் கம்பெனிகள் அந்த ஒரு செய்தியைத் தமிழில் காட்டினால் என்ன?

ஊருக்கு வெளியே வயலுக்குப் போனால் காட்சி வேறு. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் போட்ட சூரிய சக்தி பம்புசெட், ஈபி லைனையே எதிர்பார்க்காமல் தண்ணீர் இறைக்கிறது. வெயில் உண்டா, தண்ணீர் உண்டு. ஒரே சூரியன், ஒரே வகைப் பேனல். மோட்டாருக்குக் கிடைத்த சுதந்திரம் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

தொழில் செய்பவருக்கு இந்தக் குறை காசாகவே கரைகிறது. சின்னசேலம் வட்டாரத்து அரிசி ஆலையிலோ ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையிலோ லைன் போனால் ஜெனரேட்டர் ஓடும், டீசல் எரியும். ஓட்டின் மேல் உள்ள சோலார் சும்மா கிடக்கும். அப்படிக் கிடக்கத் தேவையில்லை. ஜெனரேட்டர் தரும் வோல்ட்டையே தாளமாகக் காட்டி சோலாரையும் கூட ஓட்டலாம், டீசலைக் குறைக்கலாம். அதற்கென்று தனிக் கன்ட்ரோலர் வேண்டும். அது இல்லாமல் இரண்டையும் இணைத்தால், சோலார் மிஞ்சும் நேரத்தில் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். மாவு மில், ஜெராக்ஸ் கடை, குளிர்பானக் கடை என்று சின்னத் தொழில் நடத்துபவரிடம் இதை எடுத்துச் சொல்லும் டீலர் அரிது.

நாடு முழுக்க இந்தப் பிரச்சினை எப்படி விரியும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2022 மார்ச் இறுதியில் அங்கே நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. கூரையில் ஆன்-கிரிட் பேனல் வைத்திருந்த வீடுகளும் மற்றவர்களோடு சேர்ந்து இருட்டில்தான் இருந்தன. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தீவு முழுவதும் மின்சாரம் போனது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயிலால் சோலார் அதிகம், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு லைனில் இல்லை என்று மின்சார சபை விளக்கியது. இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் கூரை சோலாரை அணைத்து வையுங்கள் என்று மக்களையே கேட்டுக்கொண்டது. பேனல் மட்டும் பெருகி, சேமித்து வைக்க பேட்டரி இல்லையென்றால் இங்கேதான் வந்து நிற்கும்.

குஜராத்தின் மோதேரா கிராமம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2022 அக்டோபரில் இருபத்துநான்கு மணி நேர சூரிய மின் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட ஊர் அது. வீட்டுக் கூரைகளில் பேனல், தரையில் ஒரு சூரிய மின்நிலையம், கூடவே பெரிய பேட்டரி. ராத்திரியைத் தாங்குவது அந்த பேட்டரிதான்.

நம் மாவட்டத்துக்கு பேட்டரியோடு கூடிய சோலார் எட்டாத ஆசையல்ல, அவசரத் தேவை. 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. 2018 கஜா புயலில் டெல்டாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். புயல் போன சில நாளில் வெயில் அடித்துவிடும், கம்பம் நட வாரங்கள் ஆகும். செல்போன் சார்ஜ், குடிதண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜில் வைத்த இன்சுலின் எல்லாம் அந்த இடைவெளியில்தான் தவிக்கும்.

ஆகவே தீர்ப்பு இது. பில் குறைந்தால் போதும் என்பவருக்கு ஆன்-கிரிட் நல்ல பொருள், தயங்காமல் வாங்கலாம். வீட்டில் பழைய யூபிஎஸ் இருந்தால் அதை விற்றுவிட வேண்டாம். பகலில் அதன் பேட்டரியை சோலார் கரண்டே நிரப்பிவிடும், லைன் போனால் ஃபேன், லைட், ரவுட்டரை அது தாங்கும். ஆனால் சோலார் வயரை யூபிஎஸ் கரண்ட் தரும் பக்கத்து வயரோடு இணைக்க ஒருபோதும் விடாதீர்கள், யூபிஎஸ் எரிந்துபோகும். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்பவர், பேக்கப் வசதியுள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரையும் லித்தியம் பேட்டரியையும் கேட்டு வாங்க வேண்டும். கூடுதலாக ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். பேட்டரிக்குத் தனி மானியம் இல்லை, அரசு தர வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டீலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கரண்ட் போனா இது ஓடுமா?" பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.