வாட்ஸ் புராணம்

அட்டைப்பெட்டி இலக்கியம் என்று ஒரு தனி வகை இருக்கிறது. அதன் உச்சகட்டக் கற்பனைகளைப் படிக்க வேண்டுமானால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போங்கள். கார் ஸ்டீரியோ கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ‘மேக்ஸ் பவர் 50 வாட்ஸ் × 4’ என்று மின்னும். ஆக மொத்தம் 200.

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது வரவு செலவு மட்டும். அதனால் பெட்டிக்குள் இருக்கும் செட்டைத் திருப்பி ஃப்யூஸைப் பார்ப்பேன். பலவற்றின் முதுகில் செருகியிருப்பது 10 ஆம்பியர். கார் ஓடும்போது கிடைப்பது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 140 வாட்ஸ். உள்ளே போவது 140, வெளியே வருவது 200! இப்படி ஒரு பாலன்ஸ் ஷீட்டை நீட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

அந்த 50 சும்மா வந்த நம்பரும் இல்லை. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள். 51.84 வரும். அதாவது, பாட்டை மேலும் கீழும் சதுரமாக வெட்டி, இழப்பே இல்லாமல் ஸ்பீக்கருக்குள் தள்ளினால் கிடைக்கும் காகிதக் கணக்கு. பாட்டு பாட்டாகக் கேட்க வேண்டுமென்றால் சேனலுக்கு 15-லிருந்து 20 வாட்ஸ்தான். காருக்குள் அதுவே தாராளம். உண்மையே போதும் என்கிற இடத்தில் எதற்குப் பொய் என்பதுதான் என் எரிச்சல். (ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்’ என்று போட்டார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி இது.)

யோக்கியமாக அளக்க வழி இல்லாமல் இல்லை. 2003-ல் அமெரிக்காவில் சி.இ.ஏ.-2006 என்று ஒரு தர அளவு வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், ஒலிச் சிதைவு 1 சதவிகிதத்துக்குள். கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர் பின்பற்றலாம். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் தயாரித்தவர் கொஞ்சம் பயந்த சுபாவம் என்று அர்த்தம். நம்பி வாங்கலாம்.

டிக்கியில் தனி ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் ஏறும்போதுதான் விஷயம் சீரியஸாகிறது. காரில் சம்பாதிக்கிற ஆள் ஒருத்தர்தான், ஆல்டர்னேட்டர். பேட்டரி வெறும் சேமிப்புக் கணக்கு. சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் 60, 70 ஆம்பியர் ரகம்; அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றினால். சிக்னலில் நிற்கும்போது சம்பளம் பாதிக்குப் பாதி. அதிலிருந்து ஹெட்லைட், ஏ.சி. ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் தங்கள் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். நிஜமாகவே 1000 வாட்ஸ் கொடுக்கிற பழைய பாணி ஆம்ப் ஒன்று, உச்சத்தில் 120 ஆம்பியர் இழுக்கும். இசை எப்போதும் உச்சத்தில் இருக்காது. சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கோ, இன்னும் குறைவோ. இருந்தாலும் மழை நாள் சாயங்காலம், அண்ணா சாலை டிராஃபிக்கில் ஓவர்டிராஃப்ட்தான். ட்ரம்ஸ் அடிக்கிறபோதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரியும். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்பதோடு சரி.

இதற்குத்தான் கடையில் மருந்து வைத்திருக்கிறார்கள். “லைட் டிம்மாகுதா? கெபாசிட்டர் போட்டுடலாம் சார், சரியாயிடும்!” பளபளவென்று நீல எழுத்தில் வோல்ட்டேஜ் காட்டும் உருளை. 1 ஃபாரட். அழகான பொருள். ஆனால், 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது கொடுக்கும் சக்தி 26 ஜூல். 500 வாட்ஸ் பற்றாக்குறையை அது தாங்குவது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் காலி. அப்புறம் அதையும் நிரப்ப வேண்டியது அதே ஆல்டர்னேட்டர்தான். கடன்காரர் பட்டியலில் இன்னொரு பெயர்.

அந்தக் காசில் கரன்ட்டை வீணாக்காத ‘கிளாஸ் டி’ ஆம்ப் பக்கம் போகலாம். அதே சத்தத்துக்கு 120-க்குப் பதில் 90 ஆம்பியர் போதும். அதுவும் பற்றாவிட்டால் பெரிய ஆல்டர்னேட்டர், அதுவும் முடியாவிட்டால் வால்யூம் குமிழ். நாலாவது வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வயரிலும் ஒரு கூத்து உண்டு. மலிவான கிட்களில் வருவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே தடியாக இருக்கும். அதே தடிமனுள்ள செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் அந்த வயருக்கு பேட்டரியை ஒட்டி, 45 சென்டிமீட்டருக்குள், ஒரு ஃப்யூஸ். பானெட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக வயர் நுழையும் இடத்தில், ரப்பர் வளையம் போடாவிட்டால் உறை தேய்ந்துகொண்டே வரும். என்றைக்காவது செம்பு இரும்பைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். அப்போது டிக்கியில் இருக்கும் ஃப்யூஸ் வேடிக்கை பார்க்கும். நெருப்பு பிடிப்பது அதற்கு முன்னால். “ஆம்ப்லயே ஃப்யூஸ் இருக்கு சார், தனியா எதுக்கு?” என்று கடைப் பையன் சிரித்தால், வயரைத் தொடவிடாமல் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு ஓட்டுங்கள்.