சொற்றொடர் வழுவும் மூளையின் வினையும்

சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் வழுக்காத்தலைத் தலையாய பணியாகக் கொண்டது. உரையாசிரியன்மார் அவ்வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என எழுவகைப்படுத்தினர். மூளையியலார் இலக்கணப் பிழைக்கும் பொருட்பிழைக்கும் வேறுவேறு மின்குறிகளைக் கண்டனர் என்ற செய்தி எட்டியதும், அவ்விரண்டையும் இவ்வேழனுள் அடக்கி, ‘தொல்காப்பியர் அன்றே அறிந்தார்’ என முடிக்கும் போக்கு நம்மிடையே உண்டு. அம்முடிபு தொல்காப்பியருக்கும் பெருமை சேர்ப்பதன்று. ஆராய்ச்சிக்கும் பயன் தருவதன்று என்பது எம் துணிபு.

மூளையியலார் கண்டதை முதற்கண் நோக்குவோம். 1980 இல் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்னும் இருவர், தலைமேல் மின்முனைகளைப் பொருத்திச் சொற்றொடர்களை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் செய்தனர். சூடான ரொட்டியின்மேல் தடவத்தக்க பொருளை எதிர்பார்த்திருக்கும்போது காலுறை என்னும் சொல் வரின், அச்சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லிநொடியில் எதிர்மின் அலை ஒன்று பெரிதாக எழுந்தது. சொல் பொருந்தியே இருந்து, எழுத்து மட்டும் பெரிதாக இருந்தபோது எழுந்த அலை வேறு. எனவே இது வியப்பின் குறி மட்டுமன்று. செவிவழிக் கேட்கும் சொல்லுக்கும் இவ்வலை எழுதல் பின்னர் உறுதிப்பட்டது. 1992 இல் ஆஸ்டர்ஹவுட், ஹோல்கம் ஆகியோர், தொடரமைப்புப் பிறழும் இடத்து ஏறத்தாழ 600 மில்லிநொடியில் நேர்மின் அலை எழுதலைக் காட்டினர்.

காலுறைத் தொடரைப் படிப்போர்க்கு, நெருப்பால் நனைத்தல் என்னும் பழைய எடுத்துக்காட்டு நினைவுக்கு வாராமற் போகாது. அவாய்நிலை, தகுதி, அண்மை என்னும் மூன்றனுள் தகுதி இன்மைக்கு அது காட்டப்படும். இவ்வொப்புமை மெய்யே. ஆயின் அறிஞர் கண்டது தொடரின் இயல்பு. அலை காட்டுவது கேட்போன் உள்ளத்தில் அதற்காகும் காலமும் உழைப்பும். ஒன்று மற்றொன்றன் முன்னறிவிப்பு ஆகாது.

இருவகைக் குறி என்னும் பாகுபாடும் நாம் எண்ணுமளவு தெளிவானதன்று. 2005 இல் கிம், ஆஸ்டர்ஹவுட் ஆகியோர், உணவே உண்ணும் வினையைச் செய்வதாக அமைந்த தொடர்களைத் தந்தனர். இலக்கணம் செவ்வனே அமைந்திருந்தும், எழுந்தது பொருட்பிழையின் அலையன்று. அமைப்புப் பிழைக்குரிய அலையே. உணவுக்கும் உண்டலுக்கும் உள்ள இயைபு வலிதாகலின், மூளை பொருளை நம்பி அமைப்பை ஐயுற்றது என அவர்கள் கொண்டனர்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமுடையது. செருமானிய மொழியில் ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். அங்குப் பால் சொல்லைப் பற்றியது. தமிழில் திணை பொருளைப் பற்றியது. ‘பசு வந்தாள்’ என்பதில் வினையீறு பிறழ்ந்ததா, பசுவைப் பற்றிய அறிவு பிறழ்ந்ததா? இரண்டும் எனின், எவ்வலை எழும் என்பதை ஏடு கொண்டு துணிய இயலாது.

பழனிமலை அடிவாரத்துப் பாலசமுத்திரத்தில், மந்தை திரும்பும் மாலையில் பேச்சுக்குச் செவி கொடுப்போம். ‘மாடெல்லாம் வந்துருச்சு’ என்பர். பன்மைக்கு ஒருமை வினை. நூல்வழி நோக்கின் பால் வழு. கேட்போர் எவரும் திகைப்பதில்லை. மாறாக ‘மாடுகள் வந்தன’ என ஒருவர் கூறின், திரும்பிப் பார்ப்பர். நம் மாணவர் எழுத்துத் தமிழில் சோதனைத் தொடர் அமைத்து அதனைச் செவிவழி ஒலிப்பித்தால், பெறும் அலை வழுவுக்கு உரியதோ, ஏட்டுநடைக்கு உரியதோ எனப் பிரித்தறிவது எங்ஙனம்? நம் ஆய்வேடுகள் இவ்வினாவை எழுப்பாமலே செல்லுதல் பெருங்குறை.

வேற்றுமையிலும் இவ்வாறே. ‘அவனுக்குப் பிடித்தது’ என்பதில் அவன் நான்காம் வேற்றுமையேற்று நிற்கின்றான். வினை அவனோடு இயையவில்லை. ஆயினும் உணர்வுக்குரியவன் அவனே. ‘அவனுக்கு’ எனக் கேட்ட அளவில் ‘கொடுத்தான்’ என வருமோ ‘பிடித்தது’ என வருமோ என்பது இறுதிச் சொல்வரை தெரியாது. ஆர். முரளிகிருஷ்ணன் 2011 இல் செருமனியின் மார்பர்கு பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு, மின்னலை முறையால் இத்தொடர்களையே ஆராய்ந்தது. தமிழ்த் துறைகளில் அதனைப் படித்தோர் சிலரேயாவர் என அஞ்சுகின்றோம். பெருமை பேசும் கட்டுரை பத்து எழுதுவதினும் அவ்வொன்றைக் கற்றல் நன்று.

உரையாசிரியன்மார்பால் நாம் பெறத்தக்கது வழுப்பட்டியலினும் வழுவமைதியே எனத் தோன்றுகின்றது. உவப்பினால் பசுவை அன்னையென்று உயர்திணை முடிபு கொடுத்துக் கூறலை அவர்கள் அமைத்துக்கொண்டனர். ஒரே சொல் ஓரிடத்து வழு, மற்றோரிடத்து அமைதி. இதனைத் துணிவது சொல்வோன் உள்ளமும் கேட்போன் அறிவும். பாலசமுத்திரத்து உழவர் ஒருவர் ‘லட்சுமி வந்துட்டா’ எனத் தம் பசுவைச் சுட்டுங்கால், அவ்வில்லத்தார் செவிக்கும் அயலார் செவிக்கும் ஒரே அலைதான் எழுமா? முதற்கண் சோதிக்கத்தக்கது இஃதே.