எப்படிக் கொடுத்தால் என்ன?

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். இந்த முறையும் ஓர் அலுவலகத்தின் படம் என் கைபேசிக்கு வந்தது. ரோஸ் கலர் சுவர், ஒரு சோபா, குட்டி ஃபிரிட்ஜ், பிளக் பாயின்ட், கதவில் ரிப்பன். ஊழியர்கள் பால் எடுத்து வைக்க அறை திறந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு விருதும் கிடைத்திருக்கிறது. அனுப்பிய தோழிக்கு என் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். முந்திக்கொண்டு எழுதியிருந்தாள்: “தாய்ப்பால்தானேடி, எப்படிக் கொடுத்தா என்ன?”

எப்படிக் கொடுத்தாலும் சரி என்று நானே சொல்லும் இடங்கள் உண்டு. 34 வாரம் நிறையும் முன் பிறந்த பிள்ளைக்குச் சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றாகக் கூடிவராது. பீய்ச்சி எடுத்த பாலைக் குழாய் வழியாகவோ பாலாடையிலோ புகட்டித்தான் தேற்றுகிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கியும் இப்படி எடுத்த பாலில்தான் நடக்கிறது. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிப்போனவளுக்கு பம்ப் ஒரு வரம். எடுத்து வைத்தால் பாலின் குணம் போய்விடுகிறது என்பதும் என் வாதமில்லை. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் இரவுப் பாலில் இருக்கும், பகல் பாலில் அநேகமாக இராது. பகலில் எடுத்ததை ராத்திரி கொடுத்தால் அந்தக் கணக்கு தப்பும். தப்பினாலும் அது பவுடர் பாலைவிட எவ்வளவோ மேல்.

என் மனத்தாங்கல் அந்த அறையைப் பற்றியது. அதில் தாய்க்குச் சோபா இருக்கிறது, பாலுக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது, பிள்ளைக்கு இடமில்லை.

2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அவற்றில் சில பூட்டியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். இருந்தாலும், அவற்றைக் கட்டியவர் மனத்தில் மடியில் பிள்ளையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அலுவலக அறையைக் கட்டியவர் மனத்திலோ பிள்ளை எங்கோ இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும் என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

இத்தனைக்கும் நம் சட்டம் பிள்ளையை மறக்கவில்லை. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. அதே சட்டம் விடுப்பை 26 வாரம் ஆக்கியது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். எடுத்தவளுக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம், நாலு மாதமும் சில நாளும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று மருத்துவமனைச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. இடையில் கிடக்கும் ஏழெட்டு வாரத்துக்குத்தான் காப்பகம் அவசரமாகத் தேவை. காப்பகம் என்றால் இடம், ஆயா, சம்பளம், பொறுப்பு. பம்ப் அறைக்கு ஒரு பழைய ஸ்டோர் ரூம் போதும். விருதோ ஸ்டோர் ரூமுக்குக் கிடைக்கிறது.

இலங்கை மலையகத் தோட்டங்களில் ‘பிள்ளைக்காம்பரா’ என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகிறவள் பிள்ளையை அங்கே ஆயாவிடம் விட்டுப் போவாள், பால் கொடுக்க இறங்கி வருவாள். இந்தியத் தோட்டங்களுக்கும் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. துரைமார் கருணையால் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொழுந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். காம்பராவின் லட்சணம் பற்றியும் தோட்டத்து ஆட்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். ஆனால் தேயிலைத் துரைக்கே புரிந்த விஷயம் கண்ணாடிக் கட்டடத்து மேலாளருக்குப் புரியவில்லை என்றால் என்ன சொல்ல!

பம்பை இப்படி வேலையோடு முடிச்சுப் போட்டது அமெரிக்கா. அங்கே 1993-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தருவது சம்பளமில்லாத பன்னிரண்டு வாரம். சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க மனம் வராத நாடு, 2010-இல் பால் எடுக்க இடைவேளையும் மறைவான இடமும் கொடுக்கச் சொல்லி, 2022-இல் அதை இன்னும் பலருக்கு விரித்தது. விடுப்பு இல்லாத ஊரில் பிறந்த ஒட்டுவேலை அது. விடுப்பையும் காப்பகத்தையும் சட்டத்தில் எழுதிவைத்திருக்கும் நாம் அதை முன்னேற்றம் என்று இறக்குமதி செய்கிறோம்.

என் தங்கை மகள் சென்னை ஓஎம்ஆரில் வேலை செய்கிறாள். அவள் கைபேசியில் ஒரு பட்டியல் பார்த்தேன்: 90, 70, 55. மில்லி கணக்கு. மடியில் கிடந்து குடிக்கும் பிள்ளை எத்தனை மில்லி குடித்தது என்று யாரும் கேட்டதில்லை. வயிறு நிறைந்தால் தானே வாயை எடுத்துவிடும். பம்ப் வந்தபின் அவள் தினமும் பரீட்சை எழுதுகிறாள். மீட்டிங் நீண்டால் பால் கட்டும், கட்டினால் சுரப்பு குறையும், குறைந்தால் எண் இறங்கும், எண் இறங்கினால் கவலை. வீட்டுக்கு வந்ததும் குப்பி, வால்வு, புனல் எல்லாம் கழுவிக் கொதிக்க வைக்கிறாள். பால் கொடுப்பது என்ற ஒரு வேலை எடுப்பது, சேர்ப்பது, சூடாக்குவது, புகட்டுவது, கழுவுவது என்று ஐந்தாகிவிட்டது. இதில் அலுவலகம் ஏற்றுக்கொண்ட பங்கு ஒரு பிளக் பாயின்ட்.

பம்ப் இருந்தால் அப்பாவும் ஊட்டலாமே என்பார்கள். ஊட்டலாம், ஊட்டுகிறார், படமும் எடுத்துக்கொள்கிறார். அந்தக் குப்பியைக் கழுவும் படம் ஒன்றுகூட எனக்கு இன்னும் வந்ததில்லை. (கழுவும் அப்பாக்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும்.) இன்னொரு வேடிக்கை: பால் புட்டிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இலேயே சட்டம் போட்டோம். இப்போது பம்ப் விளம்பரத்தின் அடியில் புட்டி ஜம்மென்று தொங்குகிறது.

போன மாதம் தங்கை மகள் துணிந்து காப்பகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நானூறு பேர் வேலை செய்யும் அலுவலகம். தரைக்குக் கீழே இரண்டு தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். மனிதவளத் துறைப் பெண் நல்லவள்தான், சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: “அதான் பம்ப் ரூம் இருக்கே, மேடம்.”