காப்புப் பருவத்திற்கு முன்

பிள்ளைத்தமிழ் நம் புலவர்களுக்கு உவப்பான பிரபந்தம். 19-ஆம் நூற்றாண்டில் செய்யிது அனபியா புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடினார்; இறைநேசர்கள்மீதும் பிறர் பாடினர். அவற்றின் சொல்வளத்தை நாம் குறைத்து மதிப்பிடோம். எனினும், ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. மரபுப்படி காப்புப் பருவம் மூன்றாந் திங்களில் தொடங்குகிறது. தாயின் குரலில் பாடும் புலவர், அவள் தாயான முதல் நாற்பது நாட்களைப் பாடாமலே விடுகிறார்.

பாட்டுடைத் தலைவனைப் போற்றுவதே இதன் நோக்கம், தாயுள்ளத்தை ஆராய்வதன்று என்பர். மெய்தான். ஆனால் இலக்கியத் தாய் எந்நேரமும் முத்தமிட்டு மகிழ்பவளாகவே நிற்பதால், வீட்டில் அதுவே அளவுகோலாகிறது. பேறுகாலக் களைப்பிலும் காரணமறியா அழுகையிலும் பாசம் உடனே ஊறாத இளந்தாய், "நானும் ஒரு தாயா?" எனத் தன்னையே நொந்துகொள்கிறாள்.

திருமறை காட்டும் தாயோ வேறு. அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் அன்னை பாலூட்டுகிறார், அஞ்சுகிறார், மகவை ஆற்றில் விடுகிறார், அவர் உள்ளம் வெறுமையாகிறது. இறைவன் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்துகிறான். தமக்கை பின்தொடர்கிறாள். குழந்தையும் பிற செவிலியரை ஏற்பதில்லை. பின்னரே அன்னையின் கண் குளிர்கிறது. இங்கே பாசத்தில் அச்சமும் உண்டு, வெறுமையும் உண்டு, உறவின் துணையும் உண்டு. அவ்வெறுமையை இறைவன் குற்றமாகச் சொல்லவில்லை.

கிளாஸ், கெனல் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், பிறந்த முதல் மணிநேரங்களே தாய்ப்பாசத்தை நிலைநாட்டும் என 1976-இல் நூலெழுதினர். உடனே மார்போடணைத்துப் பாலூட்டுதல் நன்றென்பதை உலகம் ஏற்றது. ஆனால் அந்நேரம் தவறினால் பாசமே அமையாது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. பாசம் நாள்தோறும் வளர்வது.

மயிலாப்பூருக்கு வடக்கே, கோஷாப் பெண்டிருக்கென 1885-இல் தோன்றிய மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் நடக்கிறது. நம் பாட்டிமார் பலர் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அதனைச் சொல்வர். அங்கே மகவை முதன்முதல் ஏந்தும் தாயின் முகத்தில் மகிழ்ச்சியோடு மருட்சியும் தெரியும். அம்முகத்தை நம் கவிதை இன்னும் பார்க்கவில்லை.

காப்புக்கு முன்னொரு பருவம் பாடப்படட்டும். அதுவரை, இளந்தாய் அழுதால் வீட்டுப் பெரியோர் குறை காணாது அருகிருப்பாராக. மூஸா நபியின் அன்னைக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது.