அடிமைக் கோலத்தில் இளவரசன்: ‘கேப்டிவ் பிரின்ஸ்’ முப்புதினத்தில் காதலும் அரசவைச் சூழ்ச்சியும்

ஆஸ்திரேலிய எழுத்தாளர் சி. எஸ். பகாட்டின் ‘கேப்டிவ் பிரின்ஸ்’ முதலில் இணையத் தொடராக வெளிவந்து, பின்னர் ஆசிரியராலேயே நூலாக்கப்பட்டு, 2015இல் பெர்க்லி பதிப்பகத்தின் வழியாகப் பரவலான வாசகரை அடைந்தது. முப்புதினத்தின் இறுதி நூலாகிய ‘கிங்ஸ் ரைசிங்’ 2016இல் வெளியானது. இதனை இரு இளவரசர்களின் காதற்கதை என்று மட்டும் போற்றுவோரும் உளர். அடிமைமுறையை இன்பப் பொருளாக்கிய நூல் என்று ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராரும் இதன் கதைகூறும் முறையைப் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. எனினும் பின்னவர் கூற்றில் முற்றும் மறுக்கவியலாத ஒரு பகுதி உண்டு.

அக்கீலோஸ் நாட்டின் பட்டத்து இளவரசன் டேமியானோஸ். தந்தை இறந்ததும் மாற்றாந்தாய் மகனான காஸ்டோர் அரியணையைக் கைப்பற்றி, அவனை இறந்தவனாக அறிவித்து, டேமன் என்ற பெயருடன் அடிமையாகப் பகைநாடான வீருக்கு அனுப்புகிறான். அங்கே அவனைப் பெறுபவன் இளவரசன் லோரான். லோரானின் தமையன் ஓகுஸ்த்தை ஆறாண்டுகளுக்கு முன் மார்லஸ் போர்க்களத்தில் கொன்றவன் டேமியானோஸ்.

இரு ஆண்களின் காதல் என்பது இக்கதையில் எவ்வகைத் தடையையும் எதிர்கொள்வதில்லை. வீர் நாட்டில் மணவுறவுக்குப் புறம்பாகப் பிறக்கும் குழந்தையே பெரும் பழி. எனவே மணமாகாத ஆணும் பெண்ணும் பழகுவதே அங்கு விலக்கு. அக்கீலோஸிலும் ஆண்களிடைக் காதல் இயல்பானது. மறைத்தல், அஞ்சுதல், ஊரார் பழிதூற்றல் எனத் தற்பால் காதலைப் பேசும் புதினங்களில் வழக்கமாக அமையும் முரண்கூறுகளை ஆசிரியர் இவ்வாறு முதலிலேயே நீக்கிவிடுகிறார். எஞ்சுவது கொலைப்பழி. காதலின் தடை பாலினத்திலன்றி வரலாற்றில் வைக்கப்பட்டிருப்பதே இந்நூலின் முதன்மையான புதுமை எனலாம்.

கதை ஏறத்தாழ முழுவதும் டேமனின் நோக்கிலேயே சொல்லப்படுகிறது. தன் அடையாளத்தைத் தான் மறைப்பதாக அவன் நம்புகிறான். வாசகரும் அவ்வாறே நம்புகின்றனர். மூன்றாம் நூலில், லோரான் தொடக்கம் முதலே அவனை இன்னான் என்று அறிந்திருந்தான் என்பது தெரியவருகிறது. இதனை வெறும் திருப்பமாகக் கொள்வது பொருந்தாது. முதல் நூலின் கசையடிக் காட்சியை மீளப் படிப்பவர், அங்கே ஓர் ஆண்டானின் கொடுமையை மட்டுமன்றித் தமையனைக் கொன்றவனைக் கையில் பெற்றும் கொல்லாத ஒருவனையும் காண்கிறார். கொடுமை குறையவில்லை, அதன் காரணம் மாறுகிறது. இரண்டாம் நூலின் நெருக்கமும் இவ்வாறே வேறு பொருள் பெறுகிறது. அங்கே ஏமாந்தவன் லோரான் அல்லன்.

அரசவைச் சூழ்ச்சி இக்காதலுக்கு வெறும் பின்னணியன்று. லோரானின் சிற்றப்பனாகிய அரசப் பிரதிநிதிக்கு நூல் முழுவதும் இயற்பெயர் இல்லை. பதவியே அவன் பெயர். கனிந்த பேச்சும் பொறுமையும் கொண்ட அவன், சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்துபவன். அவனிடம் வளரும் சிறுவன் நிகாயிஸ் இறுதியில் அவனாலேயே உயிரிழக்கிறான். லோரானும் ஒருகாலத்தில் அவ்விடத்தில் இருந்தவன் என்பதை நூல் நேர்ச்சொல்லால் அவசரப்பட்டு உரைப்பதில்லை, குறிப்பாகவே உணர்த்துகிறது. களத்தில் கூரியவனாகிய டேமன் இக்குறிப்புகளைத் தொடர்ந்து தவறவிடுகிறான். நேர்மையான மனிதனுக்கு அரசவையின் மொழி விளங்குவதில்லை என்பதை இதைவிடத் திறமாகக் காட்டல் அரிது. ஜோக்காஸ்ட்டைக் காட்டிக்கொடுத்தவளாக மட்டுமே அவன் நெடுங்காலம் கருதுவதும் இக்குருட்டுத்தன்மையின் மற்றொரு பக்கம். கொல்லப்படாமல் அவன் அடிமையாக அனுப்பப்பட்டதில் அவளுக்கிருந்த பங்கு பிற்பாடே புலப்படுகிறது.

ஆயினும் அடிமைமுறை குறித்த வினா எஞ்சுகிறது. டேமன் அடிமையல்லன், அடிமைக் கோலத்தில் இருத்தப்பட்ட அரசன். அவன் படும் இழிவு ‘இவன் இதற்குரியவன் அல்லன்’ என்ற உணர்வையே வாசகரிடம் எழுப்புகிறது. அவ்வாறாயின் அதற்குரியவர் யார்? அவ்வினாவுக்கு விடையாக நிற்பவன் எராஸ்மஸ். டேமியானோஸுக்குத் தொண்டு செய்யவே குழந்தைப்பருவம் முதல் பயிற்றப்பட்ட அவன், பணிதலையே இன்பமாகக் கற்றவன். வீர் அரசவையில் துன்புறுத்தப்படும் அவனும் அவன் போன்றாரும் டேமனின் முயற்சியால் பத்ராஸ் நாட்டு இளவரசன் டோர்வெல்டிடம் சேர்க்கப்படுகின்றனர். இது மீட்பு என்று எழுதப்படுகிறது. உண்மையில் நல்ல ஆண்டானிடம் கைமாற்றம். எராஸ்மஸின் நோக்கில் அமைந்த ஒரே பகுதி, முதல் நூலின் இறுதியில் இணைப்பாக வைக்கப்பட்ட தனிச் சிறுகதை. அடிமையின் அகம் புதினத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டது.

மேரி ரெனோவின் ‘தி பெர்ஷியன் பாய்’ (1972) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அலெக்சாண்டரின் காதலைச் சொல்பவன் அடிமையாக விற்கப்பட்ட பகோவாஸ். பேரரசனை நாம் காண்பது அவன் கண்களால். பகாட்டின் புதினத்தில் அரசன் அரசனையே காண்கிறான். அடிமைமுறையை ஒழிக்கும் முடிவும் டேமனின் அனுபவத்திலிருந்து பிறக்கும் அரசாணையாகவே வருகிறது. எராஸ்மஸ் போன்றோரின் குரல் அதில் கேட்பதில்லை. காதலர் இருவரும் ஆளுக்கொன்றாக அணியும் பொற்காப்பும் இத்தன்மையதே. லோரான் அதனைத் தானே கேட்டு அணிகிறான். கேளாமலே பூட்டப்பட்டோரின் காப்புகள் என்னவாயின என்பதைப் புதினம் சொல்லவில்லை.