பயண நூலும் எல்லைக்கோடும்

ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவந்தோர் எழுதும் நூல்கள் பெரும்பாலும் கோபுரங்களை எண்ணுவதோடு அமைகின்றன. ஏ. கே. செட்டியாரை அவ்வரிசையில் வைக்க நாம் உடன்படோம். 1937இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளின் சென்ற கப்பலில் காந்தியடிகளைப் பற்றிப் படமெடுக்க எண்ணியவர், படச்சுருள்களையும் அடிகளின் நண்பர்களையும் நாடி ஐரோப்பாவில் அலைந்தார். படம் 1940இல் வெளிவந்தது. அவ்வலைச்சலைக் கூறும் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலுக்கு உயிரூட்டுவது மனிதர்களின் சந்திப்பே.

ஆயினும், சம்மாந்துறையின் வயலோரத்திலிருந்து இன்றைய பயண எழுத்தாளரை நாம் ஒன்று கேட்கிறோம். 1985இல் ஷெங்கன் உடன்படிக்கை தொடக்கிவைத்த ஏற்பாட்டால், பாரிஸ் இளைஞன் முதுகுப்பையுடன் புறப்பட்டு பெர்லின் நண்பனின் கதவைத் தட்டுகிறான். நம்மூர் இளைஞனோ விசாவுக்காக வங்கிக் கணக்கைக் காட்டி நிற்கிறான். இவ்வேற்றுமையை மறைக்கும் பயண இலக்கியம் எவருக்காக எழுதப்படுகிறது?