வேர்ட்பிரஸ் செருகுநிரல் அமைப்புகள்: ஒரு விமர்சனம்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளங்களை உருவாக்கவும் நிர்வகிக்கவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள். 2003ஆம் ஆண்டு மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் இதைத் தொடங்கினர். மறு ஆண்டு வெளிவந்த 1.2 பதிப்பில் செருகுநிரல்களைச் சேர்க்கும் வசதி வந்தது. அடிப்படை மென்பொருளின் நிரலில் கைவைக்காமல், அதில் ஆங்காங்கே விடப்பட்டுள்ள 'கொக்கி'களில் புதிய நிரலை மாட்டிவிடும் முறை இது. இன்று அதன் அதிகாரபூர்வக் கிடங்கில் 50,000க்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் உள்ளன.

இம்முறையின் வெற்றியைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரை அதன் ஒரு குறையைப் பற்றியது. செருகுநிரல் ஒன்றின் அமைப்புகளை மாற்றினால், யார் மாற்றினார், எப்போது மாற்றினார், முன்பு என்ன இருந்தது என்ற மூன்றையும் வேர்ட்பிரஸ் எங்கும் எழுதி வைப்பதில்லை. கட்டுரையில் ஒரு காற்புள்ளியை நீக்கினால்கூட அதற்கு வரலாறு உண்டு. தளத்தையே முடக்கக்கூடிய அமைப்பு ஒன்றை மாற்றினால் வரலாறு கிடையாது.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். ஒரு செருகுநிரலை நிறுவி இயக்கியதும், டாஷ்போர்டு எனப்படும் நிர்வாகப் பலகையின் இடப்பக்கப் பட்டியலில் பெரும்பாலும் அதற்கொரு வரி முளைக்கும். அதைச் சொடுக்கினால் தேர்வுப்பெட்டிகளும் எழுதும் கட்டங்களும் கொண்ட படிவம் வரும். நிரப்பிவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இத்தகைய படிவங்களை அமைப்பதற்கு 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பிலிருந்து 'செட்டிங்ஸ் ஏபிஐ' என்ற பொதுமுறை உள்ளது. படிவத்தை அனுப்புபவருக்கு அதற்கான உரிமை உண்டா, அது உண்மையிலேயே அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்பவற்றை இம்முறை சோதிக்கிறது. செருகுநிரலை எழுதியவர் தந்த துப்புரவு நிரலின் வழியே மதிப்பை வடிகட்டவும் செய்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடுதான். வாசலில் காவலர் நிற்கிறார். அவர் கையில் பதிவேடு மட்டும் இல்லை.

சேமித்த மதிப்பு போய்ச் சேரும் இடம், தரவுத்தளத்தில் உள்ள 'ஆப்ஷன்ஸ்' என்ற அட்டவணை. அதில் நான்கே நெடுவரிசைகள்: எண், பெயர், மதிப்பு, ஒவ்வொரு முறையும் தானாக ஏற்ற வேண்டுமா என்ற குறிப்பு. தேதிக்கு இடமில்லை, ஆளின் பெயருக்கும் இடமில்லை. புதிய மதிப்பு பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. எனவே ஒவ்வோர் அமைப்பும் அங்கே மொட்டைக் கடிதம் போலக் கிடக்கிறது. இதே மென்பொருள் 2008 ஜூலையில், 2.6 பதிப்பிலேயே, கட்டுரைகளுக்குத் திருத்த வரலாற்றைக் கொண்டுவந்துவிட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வரலாற்றின் தேவையை அறியாதவர்கள் செய்த மென்பொருள் அல்ல இது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாணவர்களுக்கான பாடக்குறிப்புத் தளம் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தினோம். ஐந்து பேருக்கு நிர்வாகி உரிமை இருந்தது. ஒரு கட்டத்தில் புதிய கட்டுரைகள் எதுவும் தேடுபொறியில் அகப்படவில்லை. 'தேடினால் வரவில்லை சார்' என்று ஒரு மாணவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் அமைப்பு வேர்ட்பிரஸின் அடிப்படை மென்பொருளிலேயே இருக்கிறது. அதை யாராவது இயக்கியிருந்தால் டாஷ்போர்டின் முதல் பக்கத்தில், பதிவுகளின் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டியிலேயே அது தெரியும். அங்கே எதுவும் இல்லை. இரண்டு வாரம் தேடினோம். தேடுபொறிக்காகவே நிறுவியிருந்த ஒரு செருகுநிரலின் மூன்றாவது பக்கத்தின் அடியில், கட்டுரை வகை முழுவதற்கும் அதே தடை போடப்பட்டிருந்தது.

யார் போட்டது? ஐவருமே 'நான் இல்லை' என்றோம். நானாகவே இருந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. ஆள் யார் என்பது முக்கியமில்லை. என்றைக்குப் போட்டது என்று தெரிந்திருந்தால், எந்தக் கட்டுரையிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். அதற்குக்கூட வழியில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து முடிப்பதற்குள் அந்த ஆண்டின் பொதுத்தேர்வு முடிந்துவிட்டது. யாருக்காக எழுதினோமோ அந்த மாணவர்கள் கைக்கு அக்குறிப்புகள் போய்ச் சேரவில்லை.

பள்ளியில் மதிப்பெண் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அதன் மேலேயே எழுதக் கூடாது, வெள்ளை மையும் பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் இது வீண் சடங்கு என்றே நினைத்தேன். அடுத்த ஆண்டு அதே பதிவேட்டைக் கையில் எடுக்கும் இன்னோர் ஆசிரியர் குழம்பாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்பது பின்னால்தான் புரிந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் தளத்துக்கு இந்த ஏற்பாடு இன்னும் அவசியம். அங்கே பொறுப்பை ஒப்படைக்கும் சடங்கே கிடையாது. ஒருவர் மெதுவாக வருவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

வேர்ட்பிரஸின் நிரலைப் படித்துப் பார்த்தால் வருத்தம் கூடுகிறது. ஓர் அமைப்பு மாறியவுடன் அந்நிரல் 'அப்டேட்டட் ஆப்ஷன்' என்ற கொக்கியை அழைக்கிறது. அமைப்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு மூன்றையும் அப்போது கையில் வைத்திருக்கிறது. டாஷ்போர்டில் உள்நுழைந்திருப்பவர் யார் என்பதும் அதற்குத் தெரியும். வேண்டிய அனைத்தும் ஒரு கணம் ஒரே இடத்தில் கூடுகின்றன. யாரும் எழுதிக்கொள்ளாததால் கலைந்துபோகின்றன.

பழைய மதிப்பு போய்விடுகிறது என்பது ஒருபுறம். இருக்கும் மதிப்பையாவது எளிதாகப் படிக்க முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. பல செருகுநிரல்கள் தம் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அட்டவணையின் ஒரே வரியில் வைக்கின்றன. பிஎச்பி மொழியில் இதற்குத் தொடராக்கம் என்று ஒரு முறை உண்டு. மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் பைட்டுக் கணக்கில் எழுதப்படும். தமிழில் தளம் நடத்துவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு என்பதால், தரவுத்தளத்தில் அதன் நீளம் 15. ஒருவர் பிஎச்பிமைஅட்மின் வழியாக அதைத் 'தமிழில்' என்று கையால் திருத்துகிறார் என்று கொள்வோம். இப்போது நீளம் 21. முன்னால் உள்ள 15 அப்படியே இருந்தால், கணக்கு இடித்து மூட்டை முழுவதும் படிக்க முடியாததாகிவிடும். செருகுநிரல் தனக்கு அமைப்புகளே இல்லை என்று கருதி, பிறந்த மேனிக்குத் திரும்பலாம். ஒரு சொல்லைத் திருத்தப் போய் முப்பது அமைப்புகளை இழப்பது இப்படித்தான்.

தளத்தின் முகவரியை மாற்றும்போது தரவுத்தளத்தில் பழைய முகவரியை வெறும் எழுத்துமாற்றக் கட்டளையால் மாற்றுபவர்களுக்கும் இதே கதி நேரும். 'டபிள்யூபி-சிஎல்ஐ' என்ற கட்டளைவரிக் கருவியில் உள்ள தேடி-மாற்றும் கட்டளை மூட்டையை அவிழ்த்து, மாற்றி, நீளத்தைத் திரும்பக் கணக்கிட்டுக் கட்டிவைக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். வேர்ட்பிரஸுக்குள்ளேயே அமைப்புகள் அனைத்தையும் காட்டும் பக்கம் ஒன்று பட்டியலில் சேர்க்கப்படாமல் ஒளிந்திருக்கிறது. அதுவும் இம்மூட்டைகளைத் தொடராக்கப்பட்ட தரவு என்று மட்டும் சொல்லிக் கட்டத்தைப் பூட்டிவிடுகிறது. பாதுகாப்பு கருதிச் சரிதான், படிப்பதற்கு வழியில்லை.

அடுத்தது, செருகுநிரலை நிறுத்துவதும் நீக்குவதும். இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். நிறுத்தினால் நிரல் இயங்காது. அமைப்புகள் அப்படியே இருக்கும். நீக்கினால், செருகுநிரலை எழுதியவர் துடைத்துச் செல்லும் நிரல் ஒன்றைத் தந்திருந்தால் மட்டுமே அமைப்புகளும் போகும். நீக்கும்போது வரும் எச்சரிக்கையைக் கூர்ந்து படித்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். 'இதையும் இதன் தரவையும் நீக்கவா' என்று கேட்டால் அத்தகைய நிரல் இருக்கிறது என்று பொருள். 'இதை நீக்கவா' என்று மட்டும் கேட்டால் இல்லை. இரண்டு சொற்களில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள்! எஃப்டிபி வழியாகக் கோப்புறையை அழித்தால் துடைக்கும் நிரல் ஓடவே ஓடாது. தளம் பழுதானால் செருகுநிரலை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார் என்று அறிவுரை சொல்வார்கள். பழுது அமைப்பில் இருந்தால், எஞ்சியிருக்கும் அதே அமைப்பு மறுபடி வந்து அமர்ந்துகொள்ளும். பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

இப்படி எஞ்சியவை சும்மாவும் இருப்பதில்லை. தானாக ஏற்றவேண்டும் என்று குறிக்கப்பட்ட வரிகள் எல்லாம் ஒவ்வொரு பக்கம் திறக்கப்படும்போதும் நினைவகத்துக்கு வருகின்றன. நெடுங்காலம் அதுவே இயல்பான தேர்வாக இருந்தது. செருகுநிரல் போய் ஐந்தாண்டு ஆன பின்பும் அதன் சுமையைத் தளம் சுமந்துகொண்டிருக்கும். 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பு இதைக் கவனித்தது. மிகப் பெரிய மதிப்புகள் தாமாக ஏற்றப்படாதபடி செய்ததோடு, மொத்தச் சுமை 800 கிலோபைட்டைத் தாண்டினால் தளநலப் பக்கத்தில் எச்சரிக்கவும் தொடங்கியது. நல்ல மாற்றம். சுமை எவ்வளவு என்று இப்போது தெரிகிறது; யாருடையது என்பதை வரியின் பெயரைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டும்.

டாஷ்போர்டில் செருகுநிரல்கள் போடும் விளம்பரக் கூச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகப் பலகையைக் கைப்பற்றக் கூடாது என்று கிடங்கின் 11ஆம் விதி சொல்கிறது. விதி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான முறையும் உலகில் உண்டு. மேகக் கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் இணைய டாஷ்போர்டுக்கு ஹொரைசன் என்று பெயர். அதில் ஒரு புதிய பலகத்தைச் சேர்க்க வேண்டுமானால் படிவம் எதுவும் இல்லை. சிறிய பைத்தான் கோப்பு ஒன்றை எழுதி, அதற்கான கோப்புறையில் போட வேண்டும். பலகத்தின் பெயர், அது எந்தப் பகுதியில் எந்தக் குழுவில் வரவேண்டும் என்பவை அதில் இருக்கும். கோப்புப் பெயரின் முன்னால் உள்ள எண் வரிசையை முடிவு செய்யும். வேண்டாமென்றால் நிறுத்திவைக்க ஒரே வரி போதும். பிறகு வழங்கியை மறுபடி தொடங்க வேண்டும். கோப்பு என்பதால் அதைக் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் வைக்கலாம். யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் தாமே பதிவாகும். மீடியாவிக்கியும் ஏறக்குறைய இவ்வழிதான். தமிழ் விக்கிப்பீடியா உட்பட விக்கிமீடியா தளங்களின் அமைப்புக் கோப்புகள் பொதுவில் திறந்தே கிடக்கின்றன. எந்த நீட்சி எந்த விக்கியில் எப்போது இயக்கப்பட்டது என்பதை எவரும் பார்க்கலாம். கடவுச்சொற்கள் மட்டும் தனியே பூட்டப்பட்டிருக்கும்.

ஆனால் இம்முறையை அப்படியே வேர்ட்பிரஸுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பைத் திருத்த வழங்கிக்குள் நுழையும் உரிமை வேண்டும். நிரல் தெரிய வேண்டும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் தளமே எழாமல் போகலாம். என்னைப் போல் ஓய்வுபெற்ற பிறகு கற்றுக்கொண்டவர்கள் ஒரு தளத்தை நடத்த முடிந்தது அந்தப் படிவங்களால்தான். படிவம் இருக்கட்டும். படிவத்துக்குப் பின்னால் ஒரு பதிவேடும் இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பல செருகுநிரல்கள் மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் சேவைச் சாவிகளையும் இதே அட்டவணையில்தான் வைக்கின்றன. பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் பதிவேட்டில் எழுதினால் இரகசியங்களும் சேர்ந்து பதிவாகும். உண்மைதான். அப்படியானால் மதிப்பை விட்டுவிட்டு, அமைப்பின் பெயர், தேதி, பயனர் ஆகிய மூன்றை மட்டும் எழுதலாமே. எங்கள் இரண்டு வாரத் தேடலை அது ஐந்து நிமிடமாக்கியிருக்கும்.

நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் செருகுநிரல்கள் கிடைக்கின்றனவே என்பார்கள். அவை நிறுவிய நாளிலிருந்துதான் எழுதும்; நிறுவும் எண்ணம் பெரும்பாலும் விபத்துக்குப் பிறகே வரும். அவற்றையும் ஒரு நிர்வாகி நிறுத்திவிடலாம். அந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதே ஓர் அமைப்பு. அதுவும் போய்ச் சேருவது பெரும்பாலும் அதே ஆப்ஷன்ஸ் அட்டவணையில்.

அடிப்படை மென்பொருளில் நல்ல முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தளத்தின் முகவரியை 'கான்ஃபிக்' கோப்பில் எழுதிவிட்டால், பொது அமைப்புகள் பக்கத்தில் அந்தக் கட்டம் மங்கிப் பூட்டிக்கொள்ளும். இது வேறோர் இடத்தில் முடிவு செய்யப்பட்டது என்பதைப் பார்ப்பவர் உடனே உணர்வார். செருகுநிரல் எழுதும் மாணவர்கள் தம் முக்கியமான ஓரிரு அமைப்புகளுக்காவது இவ்வசதியைத் தரலாம். கடைசியாக மாற்றியவரின் பெயரையும் நாளையும் படிவத்தின் அடியில் ஒரு வரியாகக் காட்டலாம். சில வரி நிரல்தான் தேவைப்படும்.

எங்கள் தளத்தில் அந்த விபத்துக்குப் பிறகு எல்லோரும் திருத்தக்கூடிய ஓர் இணைய அட்டவணையைத் தொடங்கினோம். நாள், செருகுநிரல், இருந்தது, மாற்றியது, காரணம், சுருக்கொப்பம் என ஆறு பத்திகள். முதல் மாதத்தில் 23 வரிகள் சேர்ந்தன. அவற்றுள் 9 என்னுடையவை. அதில் மூன்றுக்குக் காரணம் எழுத எனக்கே நினைவு வரவில்லை.